மின்னிசையும் செயற்கை நுண்ணறிவும்: கருவி தேரும் நெறி

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என இசைக்கருவிகளை வகைப்படுத்தி, மனித மிடற்றையும் ஒரு கருவியாகவே எண்ணிப் போற்றியது தமிழர் இசை மரபு. இப்பட்டியலில் இருபதாம் நூற்றாண்டு மின்கருவியைச் சேர்த்தது. இருபத்தொன்றாம் நூற்றாண்டோ, கருவி என்று அழைப்பதா, கலைஞன் என்று அழைப்பதா என ஐயுறத்தக்க ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்துள்ளது. இத்தகைய தாளம், இத்தகைய உணர்வு, இத்தனை நிமிடம் என ஒரு வரி எழுதிக் கொடுத்த சிறிது நேரத்திற்குள் முழுப் பாடலையே ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இன்று மாணவர்தம் கைப்பேசிகளிலேயே இடம்பெற்றுவிட்டன.

கலைவிழாக் குறும்படத்திற்குப் பின்னணி இசை தேடும் மாணவர், விளம்பரத்திற்கு இசை வேண்டும் சிறு வணிகர், வீட்டின் ஓர் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொண்ட இளைஞர் எனப் பலரும் இவற்றை நாடுகின்றனர். 'இவற்றுள் எது சிறந்தது?' என்பதே அவர்கள் கேட்கும் முதல் வினா. திங்களுக்கொரு செயலி தோன்றி மறையும் இந்நாளில், ஒரு பெயரைச் சுட்டி விடை கூறின், இம்மலர் அச்சேறி வருவதற்குள் அவ்விடை பழையதாகிவிடும். எனவே பெயர்கள் மாறினும் மாறாத தேர்வு நெறி ஒன்றைக் காண்பதே பயனுடையது. இக்கருவி நம் பணியில் எப்பகுதியை ஏற்கிறது? அது யாரிடம் கற்றது? அதனால் விளைவது யாருக்கு உரியது? இம்மூன்று வினாக்களின் வழி அந்நெறியைக் காண முயல்கிறது இக்கட்டுரை.

இசை குறித்து மார்க்க அறிஞரிடையே நெடுங்காலமாகவே கருத்து வேறுபாடு நிலவி வருகிறது. அதில் முடிவு கூறுவது உலமாப் பெருமக்களின் பணி. இக்கட்டுரையின் நோக்கம் அஃதன்று. எனினும் பிறர் உழைப்பைப் பயன்கொள்வோர் அவருக்குரியதை அளித்தல் வேண்டும் என்பதில் எவரிடையேயும் வேறுபாடு இல்லை. இசையை விரும்புவோர்க்கும் விலக்குவோர்க்கும் பொதுவான அக்கடமையே ஈண்டுப் பேசப்படும் பொருளின் மையமாகும்.

தானே இசைக்கும் கருவி

மனிதக் கை படாமல் தானே இசைக்கும் கருவி என்னும் கனவு புதியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாது நகரில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்களான முஹம்மது, அஹ்மது, அல்-ஹஸன் ஆகிய மூவரும், நீரின் விசையால் தானே இசைக்கும் குழற்கருவி ஒன்றை விவரித்துள்ளனர். சுழலும் உருளையின்மீது பொருத்தப்பட்ட சிறு முனைகள் குழலின் துளைகளைத் திறந்து மூட, முன்னரே திட்டமிட்ட இசை அதிலிருந்து எழும். முனைகளின் இடத்தை மாற்றினால் இசையும் மாறும். 1206ஆம் ஆண்டில் தம் நூலை நிறைவு செய்த அல்-ஜஸரி, இசைஞர் பாவைகள் நான்கு அமர்ந்த படகொன்றை அமைக்கும் முறையை அந்நூலில் விளக்கினார். கணினி வழிமுறையைக் குறிக்கும் அல்காரிதம் என்னும் சொல்லே அல்-குவாரிஸ்மீ என்னும் கணித மேதையின் பெயரிலிருந்து பிறந்ததாகும்.

மின்னிசையின் தொடக்க வரலாற்றிலும் கீழை நாடுகளுக்கு இடமுண்டு. 1944இல் எகிப்திய இசைஞர் ஹலீம் அல்-தப், கெய்ரோவில் நிகழ்ந்த நாட்டுப்புறச் சடங்கொன்றின் ஒலியைக் கம்பிப் பதிவுக் கருவியில் பதிந்து, அப்பதிவையே உருமாற்றிப் புதியதோர் இசைப் படைப்பாக்கினார். பிரான்சு நாட்டில் பியர் ஷேஃபர் இத்தகைய முயற்சியைத் தொடங்கிய 1948ஆம் ஆண்டிற்கு இது நான்காண்டுகள் முற்பட்டது. 1957இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லர், லியோனார்டு ஐசக்சன் ஆகிய இருவரும், இசை விதிகளைக் கணினிக்கு ஊட்டி, நரம்புக்கருவிகள் நான்கிற்குரிய 'இல்லியாக் ஸ்வீட்' என்னும் இசைத்தொகுதியை உருவாக்கினர். 1964இல் ராபர்ட் மூக் தம் சிந்தசைசரை அறிமுகப்படுத்தினார். ஐந்தாண்டுகளுக்குள், 1969இல், அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் கருவியுடன் கூடிய மின்னிசைக் கூடம் அமைந்துவிட்டது. 1982இல் சரண்ஜித் சிங் ரோலண்டு நிறுவன மின்கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை மின்னிசையாக்கி இசைத்தட்டு வெளியிட்டார். 1983இல் வெவ்வேறு நிறுவனக் கருவிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்குரிய மிடி என்னும் பொதுக் குறியீட்டு முறை நடைமுறைக்கு வந்தது.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. பனூ மூஸாவின் உருளை முதல் சரண்ஜித் சிங்கின் மின்தாளம் வரை, கருவிக்குள் இருந்தது அதனை அமைத்தவரின் திட்டமும் அதனை இயக்கியவரின் கட்டளையும் மட்டுமே. இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிக்குள் இருப்பதோ, எங்கெங்கோ வாழும் பல்லாயிரம் இசைஞர் இசைத்தவற்றிலிருந்து பெற்ற பயிற்சி. பழைய கருவியை வாங்குவோர் கருவி செய்தவருக்குப் பொருள் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது. புதிய கருவியில் கணக்கு அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

இயந்திரம் பயிலும் முறை

இசையைக் கணினி எண்களாகவே அறியும். குறுவட்டின் தரத்தில், ஒரு நொடி ஒலி ஓர் ஒலித்தடத்திற்கு 44,100 எண்களாகப் பதிவாகிறது. இடம், வலம் என இரு தடங்களுடன் கூடிய மூன்று நிமிடப் பாடல் ஏறத்தாழ 1 கோடியே 59 லட்சம் எண்களின் வரிசையாகும். இவ்வெண்களை அப்படியே கையாளுதல் அரிதாதலின், முதலில் அவற்றைச் சுருக்கிக் குறியீடுகளாக மாற்றுகின்றனர். மேட்டா நிறுவனம் 2023இல் வெளியிட்ட மியூசிக்ஜென் என்னும் கருவி ஒரு நொடி ஒலியை 50 கூறுகளாக்கி, ஒவ்வொரு கூற்றையும் நான்கு குறியீடுகளால் குறிக்கிறது. இதுவரை வந்த குறியீடுகளை அடுத்து எது வரக்கூடும் எனக் கணிப்பதே அதற்கு அளிக்கப்படும் பயிற்சி. யாப்பில் தேர்ந்த புலவர் ஓரடியைக் கேட்டவுடன் அடுத்த அடியின் எதுகையை ஊகித்துவிடுவது போன்றது இது.

ஸ்டேபிள் ஆடியோ போன்ற கருவிகள் வேறொரு வழியைப் பின்பற்றுகின்றன. நல்ல இசையின்மீது இரைச்சலைச் சிறிது சிறிதாகக் கலந்து, கலந்த இரைச்சலை நீக்குவதற்கு இயந்திரத்தைப் பழக்குகின்றனர். பழக்கம் முற்றியபின் வெறும் இரைச்சலைக் கொடுத்தாலும், நாம் எழுதிய வரிக்கேற்ப அதிலிருந்து இசையை அது படிப்படியாக வடித்தெடுக்கிறது.

எவ்வழியாயினும் பயிற்சிக்குப் பெருந்தொகையான இசைப்பதிவுகள் தேவை. மியூசிக்ஜென் உரிமம் பெற்ற 20,000 மணி நேர இசையைக் கொண்டு பயின்றது. கூகுள் நிறுவனத்தின் மியூசிக்எல்எம் 2,80,000 மணி நேர இசையைக் கொண்டு பயின்றதாக அதனை உருவாக்கியோர் 2023இல் அறிவித்தனர். இரவு பகல் இடைவிடாது கேட்பினும் இதனைக் கேட்டு முடிக்க ஒருவர்க்கு ஏறத்தாழ 32 ஆண்டுகள் ஆகும்.

எதனை மிகுதியாகக் கேட்டதோ அதன் வழியே இயந்திரம் ஒழுகும். மேலை இசையின் பன்னிரு சுரங்களில் அமைந்த பாடல்களையே பெரும்பாலும் கேட்டுப் பயின்ற கருவியிடம் தோடி இராகத்தின் சாயல் வேண்டுமெனக் கேட்டால், அசைந்து ஒலிக்க வேண்டிய காந்தாரத்தை அசைவற்ற ஒற்றைச் சுரமாக நிறுத்திவிடக்கூடும். அரபு இசையின் கால்சுர நுட்பங்களுக்கும் இதே இடர்ப்பாடு நேரலாம். ஆதலின் ஒரு கருவியைச் சோதிப்போர், அந்நிறுவனம் காட்டும் மாதிரிகளைக் கேட்டு மயங்காது, தாம் நன்கறிந்த இசையைக் கேட்டுப் பார்த்தே அதன் தரத்தை மதிப்பிடுதல் வேண்டும்.

அரங்கில் யாருடைய இருக்கை?

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலைப் பாடவந்த இளங்கோவடிகள், ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதியைத் தனித்தனியே வகுத்துரைக்கிறார். ஓர் அரங்கின் இசை பலருடைய பணிகளின் கூட்டு என்பது அவர் கண்ட உண்மை. செயற்கை நுண்ணறிவுக் கருவியைத் தேர்வோரும் முதலில் கேட்க வேண்டியது இதுவே: இக்கருவி யாருடைய இருக்கையில் அமர்கிறது? அவ்வகையில் இன்றைய கருவிகளை ஐந்தாகப் பகுக்கலாம்.

முதல் வகை, முழுப் பாடலையும் ஆக்குவன. சுனோ, யூடியோ ஆகியவை இதற்குச் சான்றுகள். அரங்கின் அனைத்து இருக்கைகளையும் இவை ஒருசேர எடுத்துக்கொள்கின்றன. மின்னிசை படைப்போர்க்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தாளம், அடித்தள ஒலி, மெட்டு, பின்புல ஒலி எனத் தனித்தனி அடுக்குகளை வைத்து, ஒவ்வொன்றையும் கூட்டியும் குறைத்தும் மாற்றுவதே மின்னிசையின் உயிர்நிலை. அனைத்தும் கலந்து ஒரே பிழம்பாக வரும் பாடலில் ஒரு தாள அடியை மட்டும் மாற்றுவது அரிது. சில செயலிகள் பின்னர் தடங்களைப் பிரித்துத் தரும் வசதியைச் சேர்த்துள்ளனவாயினும், அடுக்கியவன் நாமல்லன் என்னும் நிலை மாறுவதில்லை.

இரண்டாம் வகை, இசைக்குறிப்பை மட்டும் ஆக்குவன. கூகுள் ஆய்வாளர்கள் 2019இல் இலவசமாக வெளியிட்ட மெஜந்தா ஸ்டுடியோ இவ்வகையது. இது தருவது மிடிக் குறிப்பாகும். எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தத்துடன் என்னும் செய்திகள் மட்டுமே அதிலிருக்கும், ஒலி இராது. நாம் தொடங்கிய மெட்டை அது நீட்டித் தரும். நாம் விரும்பாத சுரத்தை அழித்துவிட்டு வேறொன்றை இட்டுக்கொள்ளலாம். எந்தக் கருவியின் ஒலியில் அது கேட்க வேண்டும் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். பயிலும் மாணவர்க்கு இவ்வகையே மிகவும் ஏற்றது.

மூன்றாம் வகை, கலந்த ஒலியைப் பிரிப்பன. டீசர் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர், மேட்டா நிறுவனத்தின் டெமக்ஸ் ஆகியவை பாடலிலிருந்து குரலையும் தாளத்தையும் தனித்தனியே பிரிக்கின்றன. இவ்விரண்டின் நிரல்களும் எவரும் தம் கணினியில் நிறுவிக்கொள்ளுமாறு திறந்து வைக்கப்பட்டுள்ளன. 2023 நவம்பரில் வெளியான பீட்டில்ஸ் குழுவின் கடைசிப் பாடல் பிரிப்புத் தொழில்நுட்பத்தின் பயனே. 1980இல் மறைந்த ஜான் லெனன் பியானோவுடன் பாடிப் பதிந்த பழைய ஒலிநாடாவிலிருந்து அவர் குரல் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. அங்கு இயந்திரம் குரலைப் புனையவில்லை. இருந்த குரலைத் துலக்கித் தந்தது.

நான்காம் வகை, குரலை ஆக்குவன. 2007இல் ஜப்பானில் வெளியான ஹட்சுனே மிக்கு என்னும் குரல், ஃபுஜிதா சாக்கி என்னும் குரல் நடிகையின் ஒத்துழைப்போடு, அவரைக் கொண்டே பதிந்து உருவாக்கப்பட்டது. இன்றோ, ஒருவரின் சில நிமிடப் பதிவே அவர் குரலைப் படியெடுக்கப் போதுமானதாகிவிட்டது. இவ்வகை தனியே ஆராயத்தக்கது.

ஐந்தாம் வகை, முடிந்த படைப்பைச் செப்பம் செய்வன. 2014இல் தொடங்கிய லேண்டர் முதலியவை, பாடலின் ஒலியளவையும் சமநிலையையும் சீர்செய்யும் மாஸ்டரிங் பணியை மேற்கொள்கின்றன. ஒலிப்பொறியாளர்க்கு ஊதியம் தர இயலாத மாணவர்க்கு இவை உறுதுணையாகும்.

இவ்வைந்தனுள் எதனைத் தேர்வது? நாம் கற்க விரும்பும் பணியை இயந்திரத்திடம் கொடுத்துவிடலாகாது என்பதே விடை. மெட்டமைக்கக் கற்போர் மெட்டமைக்கும் கருவியைத் தவிர்த்து, செப்பம் செய்யும் கருவியை நாடலாம். ஒலிப்பொறியியல் கற்போர் இதனை மாற்றிக் கொள்ளலாம். குறும்படம் எடுக்கும் மாணவர்க்கு இசை ஒரு துணைப்பொருளே எனின், முழுப் பாடல் ஆக்கும் கருவியும் தகும். ஒருவர்க்குப் பொருந்துவது மற்றவர்க்குப் பொருந்தாமை இதனாலேயே.

யாரிடம் கற்றது?

இரண்டாம் வினா நேர்மை பற்றியது. 2024 ஜூன் 24ஆம் நாள் சோனி, யுனிவர்சல், வார்னர் ஆகிய இசை நிறுவனங்கள் சுனோ, யூடியோ ஆகியவற்றின்மீது அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குத் தொடுத்தன. தம் பாடல்களை இசைவின்றிப் பயிற்சிக்குப் பயன்படுத்தினர் என்பது குற்றச்சாட்டு. இணையத்தில் கிடைக்கும் ஓரளவு தரமான இசைப்பதிவுகள் ஏறத்தாழ அனைத்தும் தம் பயிற்சியில் இடம்பெற்றதை ஒப்புக்கொண்ட சுனோ, அது சட்டம் அனுமதிக்கும் நியாயமான பயன்பாடே என வாதிட்டது. 2025 அக்டோபரில் யுனிவர்சல் யூடியோவுடனும், அடுத்த திங்களில் வார்னர் அவ்விரு நிறுவனங்களுடனும் உடன்பாடு கண்டன. பெருநிறுவனங்கள் தமக்குள் உடன்பாடு கண்டுவிடலாம். நிறுவனப் பின்புலமின்றித் தம் பாடலை இணையத்தில் ஏற்றிய ஒரு நாதசுரக் கலைஞரோ, கானாப் பாடகரோ எந்த நீதிமன்றத்தை நாடுவார்?

மாற்று வழி இல்லாமலில்லை. 2024இல் வெளியான ஸ்டேபிள் ஆடியோ ஓப்பன் என்னும் கருவி, பிறர் பயன்படுத்தலாம் என உரியோரே இசைவளித்துப் பொதுவில் வைத்த ஒலிப்பதிவுகளைக் கொண்டு பயின்றது. அது ஒருமுறைக்கு 47 நொடி ஒலியை மட்டுமே தரும். முழுப் பாடலுக்கு அது போதாதெனினும், மின்னிசை அடுக்குக்குரிய தாளத் துணுக்கும் சூழலொலியும் படைக்கப் போதுமானது. உரிமம் பெற்ற பதிவுகளால் பயின்ற கருவிகளை ஆய்ந்து சான்றளிக்கும் ஃபேர்லி டிரெயின்டு என்னும் அமைப்பும் 2024 ஜனவரியில் தோன்றியுள்ளது. படைப்பாளரின் இசைவின்றி இயந்திரத்தைப் பயிற்றுவித்தல் நியாயமான பயன்பாடே என்னும் கருத்தை ஏற்க மறுத்து, 2023இல் ஸ்டெபிலிட்டி நிறுவனத்தில் தாம் வகித்த பொறுப்பைத் துறந்த எட் நியூட்டன்-ரெக்ஸ் என்பவரே இதனைத் தொடங்கியவர்.

உழைத்தவர்க்குரிய கூலியைக் காலந்தாழ்த்தாது தந்துவிடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியமை நாமறிந்ததே. மாதவி அரங்கேறிய செய்தியைக் கூறும் சிலப்பதிகாரமும், அவள் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெற்றதைக் கூறாமல் விடவில்லை. கலைக்கு உரிய மதிப்பு பாராட்டோடு முடிவதில்லை. டீசர் நிறுவனத்தின் தளத்திற்கு முழுக்க இயந்திரத்தாலேயே ஆக்கப்பட்டு நாள்தோறும் வந்துசேரும் பாடல்கள் 2025 ஏப்ரலில் 20,000க்கு மேல் இருந்தன. அவ்வாண்டு நவம்பரில் அத்தொகை 50,000 ஆயிற்று. கேட்போர் தரும் பொருளைப் பகிர்ந்துகொள்ள இத்தனை இயந்திரப் பாடல்கள் வந்து நிற்கும்போது, குறைவது மனிதக் கலைஞரின் பங்கே.

விளைவது யாருக்கு உரியது?

மூன்றாம் வினா பயன்படுத்துவோரின் நலம் பற்றியது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. கணினியால் ஆக்கப்படும் படைப்பிற்கு, அதனைத் தோற்றுவிக்கக் காரணமானவரே ஆசிரியர் என 1994ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. அன்று கணினி எழுதுகோலைப் போன்ற துணைக்கருவியாக இருந்தது. இன்று ஒரு வரி எழுதியவரா, கருவியை அமைத்தவரா, எவர் அக்காரணர் என்பதில் வழக்காடுவதற்கு இடமுண்டு. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, இன்றைய கருவிகளைப் பொறுத்தவரை கட்டளை வரி எழுதுவது மட்டுமே ஒருவரை ஆசிரியராக்கிவிடாது எனவும், மனிதர் தம் பங்காகச் சேர்த்தவற்றிற்கே பதிப்புரிமை உண்டு எனவும் தெளிவுபடுத்தியது. தம் கையால் மெட்டமைத்து, இயந்திரத்தைத் துணையாக மட்டுமே கொண்டவர்க்கு இவ்வகையிலும் நன்மையே.

செயலியின் விதிகளையும் படித்தறிதல் வேண்டும். இலவசமாக ஆக்கிய பாடலை விற்கலாகாது எனச் சில விதிக்கும். மியூசிக்ஜென் பயிற்சித் தொகுதி வணிகமல்லாத பயன்பாட்டிற்கே உரியது. 2025 அக்டோபரில் யுனிவர்சல் உடன்பாட்டைத் தொடர்ந்து, தன் தளத்தில் ஆக்கிய பாடல்களைத் தரவிறக்கும் வசதியை யூடியோ நிறுத்தியது. எதிர்ப்பு எழவே, பழைய பாடல்களை எடுத்துக்கொள்ள 48 மணி நேரம் மட்டுமே அவகாசம் அளித்தது. பிறர் வீட்டுப் பெட்டியில் வைத்த நம் நகைபோல் ஆயிற்று அது. தன் கணினியிலேயே இயங்கும் கருவியையும், ஆக்கியதை அவ்வப்போது தன்னிடம் சேமித்துக்கொள்ளும் பழக்கத்தையும் கொண்டோர்க்கு இவ்விடர் இல்லை.

குரல் என்னும் அமானிதம்

இசையில் பற்றில்லாத பெரியோரும் சிந்திக்க வேண்டிய பகுதி இது. 2024இல் 'லால் சலாம்' திரைப்படத்தின் பாடலொன்றில், மறைந்த பாடகர்களான சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் ஏ.ஆர். ரகுமான் ஒலிக்கச் செய்தார். அவர்தம் குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, உரிய ஊதியமும் அளித்ததாக அவர் வெளிப்படையாகவே அறிவித்தார். கேட்டுப் பெறுதல், கொடுத்துப் பெறுதல், சொல்லிச் செய்தல் என்னும் மூன்றும் அங்கு அமைந்தன.

இம்மூன்றும் இல்லாதபோது நேர்வது யாது? நாகூர் இ.எம். ஹனீபா அவர்கள் 2015இல் மறைந்தார்கள். மார்க்கப் பாடல்களாலும் அரசியல் மேடைப் பாடல்களாலும் தமிழர் இல்லந்தோறும் அறிமுகமான கம்பீரக் குரல் அவர்களுடையது. அவர்கள் பாடிய ஒலிநாடாக்கள் எங்கும் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு ஒருவர் அக்குரலைப் படியெடுத்து, அவர்கள் பாடாத பாடலை, ஏற்காத கருத்தை, ஆதரிக்காத ஓர் அணிக்காக ஒலிக்கச் செய்துவிட்டால், மறுத்துரைக்க அவர்கள் இல்லை. கேட்கும் இளந்தலைமுறைக்கோ மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய வழியில்லை. பாடகர் மட்டுமன்று, பயான் நிகழ்த்தும் ஆலிமின் குரலும், குடும்பத்திற்குத் தொலைபேசியில் பேசும் தந்தையின் குரலும் இவ்வாறு படியெடுக்கத்தக்கனவே.

சட்டம் மெல்ல விழித்தெழுகிறது. பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், இசைவின்றி அவர் குரலைப் படியெடுக்கும் கருவிகளுக்கு எதிராக 2024 ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் அவ்வாண்டே குரலைக் காக்கத் தனிச்சட்டம் இயற்றியது. குரலுக்குரியவரே வழிவகுத்த நிகழ்வுகளும் உள. மின்னிசைக் கலைஞர் ஹோலி ஹெர்ன்டன் 2021இல் தம் குரலின் படியைத் தாமே அமைத்துப் பிறர் பயன்படுத்தத் திறந்து வைத்தார். பாடகி கிரைம்ஸ் 2023இல், தம் குரலைக் கொண்டு வெற்றிபெறும் பாடல்களின் வருவாயில் சரிபாதி தமக்குரியது என்னும் நிபந்தனையோடு அனுமதி வழங்கினார். தம் குரலைத் தாமே கொடுப்பதற்கும், பிறர் அதனைக் கவர்வதற்கும் உள்ள இடைவெளி வாணிகத்திற்கும் களவிற்கும் உள்ள இடைவெளியாகும்.

மார்க்கம் அமானிதத்தைப் பேண வலியுறுத்துகிறது. ஒலிநாடாவில் பதிந்து நம்மிடம் விட்டுச்செல்லப்பட்ட குரல், கேட்பதற்காகத் தரப்பட்டது. அதனை வேறொன்றாக்கும் உரிமை அதனுடன் சேர்த்துத் தரப்படவில்லை.

மாணவர்க்குச் சில

மின்னிசை பயில விழையும் மாணவச் செல்வங்கள் சிறிய அளவில் தொடங்குதல் நலம். சிங்கப்பூரில் உருவான பேண்ட்லேப் போன்ற இலவசச் செயலி ஒன்றில், முதலில் தம் கையால் எட்டுத் தாளச் சுற்றுகள் அமைத்துப் பார்த்தல் வேண்டும். அது குறையுடையதாகவே இருக்கும். இருப்பினும் எது குறை என்று தேரும் செவி அப்பயிற்சியால்தான் வாய்க்கும். அச்செவி வாய்த்தபின், குறிப்பை நீட்டித் தரும் கருவியையும் செப்பம் செய்யும் கருவியையும் துணை கொள்ளலாம். பிரிக்கும் கருவியைத் தம் பதிவுகள்மீதும், உரியோர் இசைவளித்த பதிவுகள்மீதும் மட்டுமே பயன்படுத்துதல் வேண்டும். பிறர் குரலை, அவர் நண்பரே ஆயினும், கேளாமல் செயலியில் ஏற்றலாகாது.

ஒவ்வொரு படைப்பிற்கும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது நற்பழக்கம். எந்தக் கருவி, எந்த நாள், எந்தப் பகுதிக்குப் பயன்பட்டது, அன்று அதன் விதி யாது, யாரிடம் இசைவு பெறப்பட்டது என்பன அதில் இடம்பெறட்டும். பின்னாளில் வினா எழுந்தால் அக்குறிப்பே சான்றாகும். கல்லூரி விழாக்களில் இசை வழங்கும்போது, பாடியவர், தாளம் அமைத்தவர் பெயர்களோடு, இயந்திரம் செய்த பங்கையும் அழைப்பிதழிலோ திரையிலோ குறிப்பிடும் வழக்கத்தை நம் துறைகள் தொடங்கலாம். ஆசிரியர்களும் அவ்வாறு குறிப்பிட்ட மாணவரைக் குறைத்து மதிப்பிடாது, உண்மை உரைத்தமைக்காகப் பாராட்டுதல் வேண்டும். மறைத்தால் மதிப்பெண் கிட்டும், உரைத்தால் குறையும் எனின், மறைக்கக் கற்பித்தவர்கள் நாமே ஆவோம்.

முனாஜாத்து, கிஸ்ஸா, மசலா, படைப்போர், நாமா எனப் புதிய இலக்கிய வடிவங்களைத் தமிழுக்கு வழங்கியவர் இஸ்லாமியப் புலவர். வேற்று மொழியினின்று வந்த வடிவத்தை ஏற்றபோதும், அதனுள் தம் மொழியையும் தம் உணர்வையுமே பெய்தனர். எங்கிருந்து பெற்றோம் என்பதை அவ்வடிவங்களின் பெயரிலேயே விளங்க வைத்தனர். புதிய கருவியைக் கையில் எடுக்கும் இளைஞர்க்கும் அம்முன்னோர் காட்டிய வழி பொருந்தும். கருவி எத்தனை புதியதாயினும் பெற்றதைச் சொல்லிப் பெறுவோம். உரியவர்க்கு உரியதைக் கொடுத்துப் பெறுவோம். அதனுள் நம்முடையது ஒன்றேனும் இருக்குமாறு படைப்போம்.